அண்ணன்களை ஏன் அனுப்பினீர்கள்? யாங் யோங்ஹியின் படங்களுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு

கொரிய டயஸ்போரா சினிமா, அதாவது நாடு விட்டுப்போன கொரியர்களைப் பற்றிய சினிமா என்றதும் இப்போது பலருக்கும் நினைவுக்கு வருவது அமெரிக்காதான். 2020-இல் 'மினாரி' வந்து, அதில் பாட்டியாக நடித்த யுன் யோ-ஜொங் ஆஸ்கரும் வாங்கிய பிறகு, பண்ணை வைக்க ஆசைப்படும் அப்பா, ஊரிலிருந்து மிளகாய்த்தூளும் நெத்திலியும் கட்டிக்கொண்டு வரும் பாட்டி, இரண்டு மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகள் என்று ஒரு கதை நமக்குப் பழகிவிட்டது. நல்ல கதைதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கொரியர்கள் சிதறிப்போன வரலாற்றில் அதைவிடப் பழைய, அதைவிடச் சிக்கலான கிளை ஒன்று ஜப்பானில் இருக்கிறது. அதைச் சினிமாவில் விடாமல் தோண்டிக்கொண்டிருப்பவர் யாங் யோங்ஹி.

ஜப்பானில் வாழும் கொரியர்களை 'ஜைனிச்சி' என்பார்கள். யாங் 1964-இல் ஓசாகாவில் பிறந்த ஜைனிச்சி. ஆசிரியர் வேலை, நாடக நடிப்பு, வானொலி என்று சுற்றிவிட்டு 1995-இல் ஒரு சின்ன வீடியோ கேமராவோடு சொந்த வீட்டைப் படம்பிடிக்கத் தொடங்கினார். இடையில் நியூயார்க் போய் ஊடகவியல் படித்தார். மூன்று ஆவணப்படங்கள், ஒரு கதைப்படம், நான்குமே அவருடைய குடும்பத்தைப் பற்றியவை. இதைக் கேட்டால் தன்னைப் பற்றியே படமெடுக்கும் ஆள் என்று தோன்றும். அப்படித் தோன்றினால் பரவாயில்லை, பார்க்கத் தொடங்கினால் அது போய்விடும். ஏனென்றால் நான்கு படங்களும் சேர்ந்து ஒரே ஒரு கேள்வியைத்தான் விசாரிக்கின்றன: என் அண்ணன்களை ஏன் அனுப்பினீர்கள்?

விஷயம் இதுதான். யாங்குக்கு 6 வயதாக இருந்தபோது, 1971-இல், அவருடைய அண்ணன்கள் இருவர் நீகாத்தா துறைமுகத்திலிருந்து வட கொரியாவுக்குக் கப்பலேறினார்கள். அடுத்த வருடம் மூத்தவரும் போனார். 18, 16, 14 என்று வயது. மூவரும் ஓசாகாவில் பிறந்து வளர்ந்தவர்கள், வட கொரியாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அனுப்பி வைத்தவர் அப்பா. வட கொரியத் தலைநகர் பியோங்யாங்குக்குச் சார்பான ஜைனிச்சி அமைப்பான சோங்ரியோனின் ஓசாகா நிர்வாகிகளில் ஒருவர். அப்பாவின் சொந்த ஊராவது வட கொரியாவா என்றால் அதுவும் இல்லை. அவர் பிறந்தது கொரியாவின் தென்கோடியில், கடலுக்கு நடுவே இருக்கும் ஜேஜு தீவில். அதாவது ஜப்பானில் பிறந்த பிள்ளைகளை, தெற்கே பிறந்த தகப்பன், வடக்கே 'தாயகம் திரும்பு' என்று அனுப்பி வைக்கிறார். இது எப்படி நடக்க முடியும் என்பது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. ஜேஜுவுக்கும் ஓசாகாவுக்கும் இடையே 1920-களின் தொடக்கத்திலேயே நேரடிக் கப்பல் ஓடத் தொடங்கியது. தீவில் நிலம் போதாது, ஓசாகாவின் ஆலைகளுக்குக் குறைந்த கூலிக்கு ஆள் தேவை. 1930-களின் நடுவில் ஏறத்தாழ 50,000 ஜேஜுக்காரர்கள் ஜப்பானில் இருந்தார்கள். தீவு மக்களில் நான்கில் ஒருவர் என்று கணக்கு. அவர்கள் குவிந்த இடம்தான் இகாய்னோ, இன்றைய இகுனோ வட்டாரம். யாங்கின் குடும்ப வீடு இருந்ததும் அங்கேதான். போர் முடிந்தபோது ஜப்பானில் இருந்த 20 லட்சம் கொரியர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். சுமார் 6 லட்சம் பேர் தங்கிவிட்டார்கள்: ஊரில் வேலையில்லை, நாடு இரண்டாகிறது, சேர்த்த காசைக் கொண்டுபோக அனுமதியில்லை என்று ஆளுக்கொரு காரணம்.

தங்கியவர்களை என்ன செய்வது என்று ஜப்பானுக்குத் தெரியவில்லை. உண்மையில் தெரியாமல் இல்லை, கைகழுவத் தெரிந்திருந்தது. 1947-இல் அவர்களை வெளிநாட்டவர் என்று பதிவு செய்தார்கள். குடியுரிமைக் கட்டத்தில் 'சோசென்' என்று எழுதினார்கள், அது தீபகற்பத்தின் பழைய பெயர். அப்போது வடக்கு, தெற்கு என்ற இரண்டு அரசுகளும் பிறந்திருக்கவே இல்லை. 1952-இல் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு முடிந்து ஜப்பான் மீண்டும் சுதந்திர நாடானபோது, மிச்சமிருந்த ஜப்பானியக் குடியுரிமையும் ஒரே சுற்றறிக்கையில் பறிபோனது. நேற்றுவரை பேரரசரின் குடிமக்கள் என்று சொல்லிப் போருக்கும் சுரங்கத்துக்கும் இழுத்துப்போனவர்களை, இன்றைக்கு நீ யாரோ என்று சொல்லிவிட்டார்கள். 1959-இல் வந்த தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் இவர்களுக்கு இடமில்லை. கம்பெனிகள் வேலை தராது, வீட்டுக்காரர் வீடு தரமாட்டார்.

தெற்கே இருந்த அரசு இவர்களைக் கண்டுகொள்ளவில்லை. வடக்கு கண்டுகொண்டது. அதுதான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. 1957 முதல், கொரியப் போரில் நொறுங்கிப் போயிருந்த வட கொரியா, ஜப்பானில் இருந்த கொரியப் பள்ளிகளுக்குப் பணம் அனுப்பியது. ஜப்பானியப் பள்ளியில் அவமானப்பட்ட பிள்ளைக்குத் தன் மொழியில் ஒரு பள்ளி, அதற்கு 'தாய்நாடு' அனுப்பும் காசு. ஊர் தெற்கே இருந்தாலும் மனம் வடக்கே சாய்ந்ததற்கு வேறு பெரிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. ஜைனிச்சிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் தென்பகுதி மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதன் கனம் தெரியும்.

அப்புறம் கப்பல்கள். 1959 ஆகஸ்ட் 13 அன்று ஜப்பானிய செஞ்சிலுவைச் சங்கமும் வட கொரிய செஞ்சிலுவைச் சங்கமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கையெழுத்தான இடம் நம்முடைய கல்கத்தா! தூதரக உறவே இல்லாத இரண்டு நாடுகளுக்குப் பொதுவாக ஒரு ஊர் வேண்டியிருந்தது போலிருக்கிறது. அந்த டிசம்பரில் நீகாத்தாவிலிருந்து சோவியத் கப்பல்கள் கிளம்பின. 1984 வரை மொத்தம் 93,340 பேர் போனார்கள், பெரும்பாலோர் முதல் சில வருடங்களிலேயே. ஜப்பானியப் பெண்களும் இருந்தார்கள், கொரியக் கணவனோடு போன சுமார் 1,800 மனைவிமார். 'பூலோக சொர்க்கம்' என்று சோங்ரியோன் பிரசாரம் செய்தது, ஜப்பானியப் பத்திரிகைகள் இடது வலது பார்க்காமல் பாராட்டி எழுதின. ஜப்பான் அரசுக்கோ, உதவித்தொகை வாங்கும், இடதுசாரிச் சாய்வுள்ள ஒரு கூட்டம் தானாகப் போய்த் தொலைகிறது. ஜெனீவாவில் இருந்த செஞ்சிலுவை ஆவணங்கள் திறந்த பிறகு, டெஸ்ஸா மோரிஸ்-சுஸுகி என்ற வரலாற்றாசிரியர் அவற்றைப் புரட்டி, இந்த 'மனிதாபிமானத்துக்குள்' டோக்கியோவின் கணக்கு எவ்வளவு இருந்தது என்று காட்டினார். வடக்குக்கு உழைக்க ஆள் தேவை, உலகத்தின் முன் ஒரு வெற்றியும் தேவை. எல்லாருக்கும் லாபம், போனவர்களைத் தவிர.

யாங்கின் அண்ணன்கள் போனது 1971, 72-இல் என்பதைக் கவனியுங்கள். இடையில் சில வருடம் நின்றிருந்த கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கிய நேரம் அது. அதற்குள் முதலில் போனவர்களிடமிருந்து சோப்பு அனுப்பு, மருந்து அனுப்பு, துணி அனுப்பு என்று கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூத்த அண்ணன் போனது இன்னும் மோசம்: 1972-இல் வட கொரியத் தலைவர் கிம் இல்-சுங்கின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஜப்பானிலிருந்து அனுப்பப்பட்ட 'பரிசுகளில்' இளைஞர்களும் இருந்தார்கள், அவரும் அதில் ஒருவர். அறுபதாம் கல்யாணத்துக்கு மொய் வைப்பதுபோல மனிதர்களை வைத்திருக்கிறார்கள். மேற்கத்திய சங்கீதமும் காபியும் பிடித்த பையன் அவர். அங்கே மன அழுத்தத்தில் விழுந்து, 2009-இல் இறந்துபோனார்.

இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் 2005-இல் 'டியர் பியோங்யாங்' வந்தது. பெரும்பகுதி ஓசாகா வீட்டுக்குள் எடுத்தது. அப்பா உள்ளாடையோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், குடிக்கிறார், அம்மாவைச் சீண்டுகிறார், மகள் யாரைக் கல்யாணம் செய்யலாம் யாரைச் செய்யக்கூடாது என்று பட்டியல் போடுகிறார் (ஜப்பானியனும் அமெரிக்கனும் கூடாது). அவ்வளவு பிடித்துப்போகும் மனிதர். அதே மனிதர் பியோங்யாங் போனால் மார்பு நிறையப் பதக்கங்களோடு மேடையேறி, தன் விசுவாசம் இன்னும் போதவில்லை, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் புரட்சியாளர்களாக வளர்ப்பேன் என்று பேசுகிறார். மகள் கேமராவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். யாங்கின் திறமை இந்த இடத்தில்தான்: இரண்டு அப்பாக்களில் எது நிஜம் என்று அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் விடுவதும் இல்லை. பல வருடம் வளைத்து வளைத்துக் கேட்டு, கடைசியில் அந்த நிர்வாகி, இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க வேண்டாம் என்கிற அளவுக்கு இறங்கி வருகிறார். 'சோசென்' என்ற அடையாளத்தை விட்டுவிட்டு தென் கொரியக் குடியுரிமை எடுத்துக்கொள்ள மகளுக்குச் சம்மதமும் தருகிறார். ஓர் அரசியல் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு சம்மதத்தில் ஆட்டம் காண்கிறது.

ஜப்பானியப் பாஸ்போர்ட் இல்லாத, 'சோசென்' என்று போட்ட ஒருவருக்கு விசா வாங்குவதே போராட்டம் என்பதால் இந்த மாற்றம் உணர்ச்சியைவிட நடைமுறை சார்ந்தது. அடையாளம், வேர்கள் என்று டயஸ்போரா படங்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஜைனிச்சி விஷயத்தில் அதில் பாதி, குடியேற்ற அலுவலகக் கவுண்டரில் எந்த வரிசையில் நிற்கிறாய் என்பதுதான்.

'டியர் பியோங்யாங்' 2006-இல் சண்டான்ஸ், பெர்லின் திரைப்பட விழாக்களில் விருது வாங்கியது. கூடவே யாங் வட கொரியாவுக்குள் வரக்கூடாது என்ற தடையும் வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லி சோங்ரியோன் கேட்டது. அவர் எழுதவில்லை, அடுத்த படத்தை எடுத்தார். அதுதான் 'சோனா', பியோங்யாங்கிலேயே பிறந்து வளர்ந்த அண்ணன் மகளைப் பற்றியது. புதிதாகப் போய் எடுக்க வழியில்லாததால் கையில் இருந்த பழைய காட்சிகளை வைத்தே கட்டியிருக்கிறார். முதல் படத்தைவிடச் சிறியது, தளர்வானது என்பது என் எண்ணம். ஆனாலும் ஓரிடம் மறக்காது: வெளியுலகத்தில் என்ன மாதிரி நாடகங்கள் பார்த்தாய் என்று அத்தையிடம் கேட்க ஆசைப்படும் அந்தப் பெண், கேமராவை அணைக்கச் சொல்கிறாள். எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக்கூடாது என்பது அந்த வயதிலேயே அவளுக்கு அத்துப்படி.

கேமராவால் போக முடியாத இடத்துக்குக் கதைப்படமாகப் போனது 2012-இன் 'அவர் ஹோம்லேண்ட்'. அண்ணன்களில் ஒருவர் 1999-இல் சிகிச்சைக்காகச் சில மாதம் ஜப்பான் வர அனுமதி பெற்று, பாதியிலேயே திருப்பி அழைக்கப்பட்டார். அதுதான் விதை. படத்தில் தங்கையாக நடித்தவர் சகுரா ஆண்டோ, அண்ணன் அராதா இஉரா, கூடவே வரும் கண்காணிப்பாளராக யாங் இக்-ஜுன். மூளையில் கட்டி, மூன்று மாத அனுமதி, வீட்டு வாசலில் நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர், ஒரு நாள் திடீரென்று 'நாளைக்குக் கிளம்பு' என்று உத்தரவு. காரணம் யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் இருக்காது. தங்கை பொறுக்க முடியாமல் கண்காணிப்பாளரிடம், உன்னையும் பிடிக்கவில்லை உன் நாட்டையும் பிடிக்கவில்லை என்று வெடிக்கிறாள். அவர் கோபப்படாமல் சொல்வது: உனக்குப் பிடிக்காத அந்த நாட்டில்தான் உன் அண்ணனும் நானும் சாகும்வரை வாழ வேண்டும். வில்லன் என்று நினைத்த ஆளும் அங்கேயே மாட்டிக்கொண்டவர்தான் என்று அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடுகிறது. அம்மாவோ, அந்தக் கண்காணிப்பாளருக்கும் ஒரு புது கோட்டு சூட்டு எடுத்துக் கொடுத்து அனுப்புகிறாள். இது பெருந்தன்மையா, மகனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கும் லஞ்சமா? இரண்டும்தான். ஜப்பான் இந்தப் படத்தைத் தன் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பியது என்பதில் ஒரு குரூரமான வேடிக்கை இருக்கிறது. குடியுரிமை தராத குடும்பத்தின் கதை, நாட்டின் பிரதிநிதியாகப் போகிறது.

எனக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு. வட கொரியாவில் இருப்பவர்கள் கேமரா வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை, படம் வெளியான பிறகு விளைவை அனுபவிக்கப் போவதும் அவர்கள்தான். எடுத்தவர் ஜப்பானில் பத்திரமாக இருக்கிறார். இதற்குச் சுலபமான சமாதானம் கிடையாது. ஆனால் யாங்கும் விலை கொடுக்காமல் இல்லை. அண்ணன்களைப் பற்றிப் பேசியதாலேயே அண்ணன்களைப் பார்க்கும் வாய்ப்பை இழந்தார். குடும்பத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்க ஒரே வழி வாயை மூடுவது என்று இருக்கும்போது, அவர் வாயைத் திறந்தார். அதன் கணக்கை அவர் படங்களிலேயே எழுதிக் காட்டுகிறார் என்பதால் நான் அவர் பக்கம் சாய்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில், அம்மா. முதல் படத்தில் அம்மா பின்னணியில் இருக்கிறார்: அட்டைப்பெட்டிகளில் பென்சில், ரப்பர், மருந்து, குளிருக்குக் கைக்குள் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பைகள் என்று அடைத்து அடைத்து பியோங்யாங்குக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார், தலைவருக்கு நன்றி என்றும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மகளுக்கு எரிச்சல் வருகிறது, நமக்கும்தான். பிள்ளைகளைத் தின்றவனுக்கு எதற்கு நன்றி? 2021-இல் வந்த 'சூப் அண்ட் ஐடியாலஜி' அந்த எரிச்சலைத் தலைகீழாகத் திருப்பிப் போடுகிறது.

அம்மா பிறந்தது ஓசாகாவில். 1945-இல் குண்டுவீச்சுக்குப் பயந்து பெற்றோர் ஊரான ஜேஜுவுக்குப் போனார். மூன்று வருடத்தில், 1948 ஏப்ரல் 3 அன்று, தெற்கில் மட்டும் தனியாகத் தேர்தல் நடத்தி நாட்டை நிரந்தரமாகப் பிரிப்பதை எதிர்த்து அங்கே ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கிய விதம் சொல்லும் தரமல்ல. கடற்கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால், தீவின் உட்பகுதியில் இருப்பவர்கள் எல்லாரும் எதிரி என்று அறிவித்து மலைக் கிராமங்களைக் கொளுத்தினார்கள். 1954 வரை நீண்டது. இறந்தவர்கள் 25,000 முதல் 30,000 வரை என்று மதிப்பீடு, தீவு மக்களில் பத்தில் ஒருவர். செய்தது அன்னிய ராணுவம் இல்லை; தென் கொரியப் போலீஸும் ராணுவமும் வலதுசாரிக் குண்டர் படையும், அமெரிக்காவின் கண்பார்வையில். அதன்பின் பல பத்தாண்டுகள் இதைப் பற்றி தெற்கில் வாயைத் திறந்தால் கம்யூனிஸ்ட் முத்திரை. 2000-இல்தான் சிறப்புச் சட்டம் வந்தது, 2003-இல் ஜனாதிபதி ரோ மூ-ஹ்யுன் மன்னிப்புக் கேட்டார்.

18 வயதில் அம்மா அதற்குள் இருந்தார். நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையை அதில் பறிகொடுத்தார். தங்கையை முதுகில் சுமந்து, தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு துறைமுகம்வரை நடந்து, ரகசியமாகப் படகேறி ஜப்பான் வந்து சேர்ந்தார். எத்தனையோ வருடம் இதை மகளிடம் சொல்லவில்லை. சொன்ன பிறகு, அம்மா ஏன் தெற்கை ஒரு நாடாகவே மதிக்கவில்லை, ஏன் எதிர்ப்பக்கம் ஒரு நாடு வேண்டும் என்று அவ்வளவு பிடிவாதமாக நம்பினார் என்பது விளங்குகிறது. சரி, விளங்கினால் பிள்ளைகளை அனுப்பியது நியாயமாகிவிடுமா? ஆகாது, யாங்கும் ஆக்கவில்லை. ஆனால் 'முட்டாள் விசுவாசம்' என்று நாம் ஒதுக்கிய ஒன்றுக்கு அடியில், ஒரு அரசாங்கம் தன் ஊரையே எரித்ததைப் பார்த்த பெண் இருக்கிறாள்.

காலக்கொடுமை, அம்மா இதைச் சொல்லத் தொடங்கியதுமே அல்சைமர் அவர் நினைவைத் துடைக்கத் தொடங்குகிறது. 'சோசென்' அடையாளம் வைத்திருந்த அவர் தென் கொரியா போக சிறப்பு அனுமதி வேண்டும். மூன் ஜே-இன் ஆட்சியில் அது கிடைத்து, 2018 ஏப்ரலில், படுகொலையின் எழுபதாம் ஆண்டு நினைவு நிகழ்ச்சிக்கு ஜேஜு போய்ச் சேர்ந்தபோது எதற்கு வந்தோம் என்பதே அவருக்குத் தெளிவாக இல்லை. அரசு மன்னிப்புக் கேட்க எடுத்துக்கொண்ட காலத்துக்கு இது கணக்கு.

படத்தின் பெயரில் உள்ள சூப், கோழி வயிற்றுக்குள் பூண்டை அள்ளி அடைத்து, ஜின்செங்கும் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்க வைப்பது. பெண் கேட்க வந்த ஜப்பானிய மாப்பிள்ளை அராய் கவோருவுக்கு அம்மா வைத்துக் கொடுக்கிறார். ஜப்பானிய மருமகன் கூடாது என்று அப்பா சொன்ன அதே வீடு, சுவரில் கிம்களின் படங்கள். பிறகு மாப்பிள்ளை அதைச் செய்யக் கற்றுக்கொள்கிறார், ஒரு கட்டத்தில் மாமியாருக்கு அவரே வைத்துத் தருகிறார். மூவரும் நம்புவது மூன்று விதம், சாப்பிடுவது ஒன்றாக. எங்கே போனாலும் 'நீ யார்' என்று கேட்கப்பட்ட ஒரு குடும்பத்துக்குள் புதிதாக ஒருவர் அதைக் கேட்காமல் வந்து உட்கார்கிறார், யாங்கின் எல்லாப் படங்களிலும் சேர்த்து எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அம்மா 2022-இல் காலமானார். அப்பாவின் கல்லறை பியோங்யாங்கில் இருக்கிறது, யாங் அங்கே போக முடியாது. கப்பலில் போய்த் தப்பித்து ஜப்பான் திரும்பிய சிலர் வட கொரிய அரசின்மேல் டோக்கியோவில் வழக்குத் தொடர்ந்தார்கள், கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டதை 2023-இல் உயர் நீதிமன்றம் மறுபடி விசாரிக்கச் சொன்னது. இதெல்லாம் இன்னும் முடிந்துபோன பழங்கதை ஆகவில்லை.

பார்க்க நினைப்பவர்கள் வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள். கடைசிப் படம்தான் நேர்த்தியானது, அதிலிருந்தே தொடங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஜேஜு முதலிலேயே தெரிந்துவிடும்; அம்மாவின் பெட்டிகளையும் நன்றிகளையும் பார்த்து எரிச்சல்பட உங்களுக்கு வாய்ப்பே இருக்காது. யாங் அந்த எரிச்சலோடு பதினாறு வருடம் இருந்தார், நீங்கள் இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும்.